ஸ்டோர் ரூமிலிருந்து சேலம் வரை என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்கு

பாலக்கோடு பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர். வயது 51. மூன்று மாதத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்து பிழைத்தேன். பிழைக்க வைத்தவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் சமையலர் அக்காவுக்கு. அன்றைக்குக் காலையில் ஸ்டோர் ரூமில் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற வலியெல்லாம் இல்லை. மேல்வயிறு அழுத்தியது, தாடை கனத்தது, ரவிக்கை தொப்பலாக நனைந்துவிட்டது. "கேஸ்தான் அக்கா, சோடா குடிச்சா சரியாயிடும்" என்றேன். இரண்டு வாரமாகவே பள்ளி மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும், கொஞ்சம் நின்றால் சரியாகிவிடும். ஓரிடத்தில் காட்டியதற்கு வாயுக்கோளாறு என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள், ஈசிஜி எடுக்கவில்லை. நானும் நம்பிவிட்டேன். அக்கா நம்பவில்லை. என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தவர், "சில்லுன்னு இருக்கு, கிளம்பு" என்று அடுப்பை அணைத்துவிட்டு தலைமையாசிரியரைக் கூட்டிவந்தார். அவர் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனார். ஐயா, அந்தப் பத்து நிமிடத்துக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அம்மா, சீட்டுப் போடுகிற வேலையைத் தள்ளிவைத்துவிட்டு ஈசிஜி எடுத்தீர்கள். பார்த்ததும் டாக்டரை அழைத்தீர்கள். அப்புறம் என் உள்ளங்கையில் 14 மாத்திரைகளைக் கொட்டினீர்கள்: ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 8. "ஆஸ்பிரினை மென்னுடுங்க, மத்ததை முழுங்குங்க" என்றீர்கள். அந்தப் புளித்த கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் இந்த மாத்திரைகள் கிராமத்து நிலையங்களிலும் இருக்கின்றன என்பது பிறகுதான் எனக்குத் தெரியும்.

108 வண்டித் தம்பிகளுக்கும், தருமபுரியில் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டவர்களுக்கும், மறுநாள் தொப்பூர் கணவாயில் எங்களுக்கு ஒதுங்கி வழிவிட்ட லாரிக்காரர்களுக்கும் என் வணக்கம். சேலத்தில் மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, அடைத்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழாய் ஒன்றை வைத்தார்கள். முழு நினைவோடு படுத்திருந்தேன். "பயப்படாதீங்கம்மா, முடியப்போகுது" என்று நாலைந்து முறை சொன்ன டாக்டரின் கண்கள் மட்டும் முகக்கவசத்துக்கு மேலே தெரிந்தன.

வார்டில் இருந்த இளம் நர்ஸுக்குச் சொல்ல வேண்டியதுதான் நிறைய இருக்கிறது. "அடைப்பை எடுத்தாச்சு, இனிமே ஒண்ணுமில்லை" என்று நான் சந்தோஷமாகச் சொன்னபோது, வேலை நெருக்கடியிலும் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளின் பின்பக்கத்தில் படம் போட்டாய். தண்ணீர்க் குழாயில் உப்புப் படிவது போல என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை என்றாய். கொழுப்பு ரத்தக்குழாயின் சுவருக்குள்ளேயே சேருகிறது, கொப்புளம் மாதிரி மேலே மெல்லிய தோலோடு பல வருடம் சத்தமில்லாமல் வளர்கிறது. ஒருநாள் அந்தத் தோல் கிழிந்தால், காயத்தில் உறைகிற மாதிரி ரத்தம் அங்கேயும் உறைந்து குழாயை மூடிவிடுகிறது. ஸ்டென்ட் ஓரிடத்தை விரித்து வைக்கும், அவ்வளவுதான். இன்னொரு குழாயில் 40 சதவீத அடைப்பு இருக்கிறது. அதற்கு ஸ்டென்ட் தேவையில்லை, ஆனால் அதன் தோல் கிழியாமல் கெட்டிப்பட வைப்பது தினமும் ராத்திரி போடுகிற கொழுப்பு மாத்திரைதான் என்று புரிய வைத்தாய். அந்தத் தாள் இப்போது எங்கள் வீட்டு பீரோக் கதவில் ஒட்டியிருக்கிறது.

உனக்கு ஒரு நல்ல செய்தி. அன்று 148 இருந்த எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு இப்போது 62. எழுபதுக்குக் கீழே கொண்டுவரச் சொல்லியிருந்தாய் அல்லவா? ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் வீட்டை விட்டுப் போய்விட்டன. களியும் கீரைக் கடைசலும் அப்படியே இருக்கின்றன. பல் பிடுங்குவதற்காக ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்தலாமா என்று போனில் கேட்டபோது, ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடும், எங்களைக் கேட்காமல் ஒருநாள்கூட நிறுத்தாதீர்கள் என்று தடுத்த டாக்டருக்கும் நன்றி.

மக்களைத் தேடி மருத்துவம் அக்காவிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்க வேண்டும். பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய திட்டம் அது. வெயிலில் நடந்துவந்து நீங்கள் கொடுத்த பிரஷர் மாத்திரையைப் பாதி நாள் போடாமல் டப்பாவில் போட்டுவைத்தேன். "போட்டேன்" என்று உங்களிடம் பொய்யும் சொன்னேன். இனி அப்படி நடக்காது அக்கா.

எங்கள் அப்பா 47 வயதில் வயலிலேயே விழுந்து இறந்தார். அதைக் கேட்டதும் ஆஸ்பத்திரியில் என் தம்பியையும் பரிசோதிக்கச் சொன்னார்கள், அவனுக்கும் கொழுப்பு அதிகம்தான். மாத்திரை தொடங்கிவிட்டான். பீடியை விட்டு 70 நாள் ஆகிறது.

கடைசியாக, பக்கத்துக் கட்டிலில் தன் தங்கைக்குத் துணைக்கு இருந்த அரூர்ப் பக்கத்து அம்மாவுக்கு. ஸ்டென்ட் வைத்த அன்று வலது கையை அசைக்க முடியாமல் கட்டுப் போட்டிருந்தார்கள். நீங்கள் என் சிக்குத் தலையைப் பொறுமையாகச் சீவி, கட்டக் கயிறு இல்லாமல் கட்டுத்துணியைக் கிழித்து முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு. இதைப் பார்த்தால் ஒருமுறை பாலக்கோடு வாருங்கள் அம்மா. அந்தப் பள்ளி மேட்டை இப்போது நிற்காமல் ஏறுகிறேன், உங்களையும் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
சத்துணவு அமைப்பாளர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.