டவர் இல்லாத வளைவில் ஆம்புலன்ஸ் உதவியாளர் யாரைக் கேட்பார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

108 ஆம்புலன்ஸுக்கு ஆள் எடுக்கும் முகாம் பற்றிய செய்தி உங்கள் சேலம் பதிப்பில் அவ்வப்போது வருகிறது. மருத்துவ உதவியாளர் வேலைக்கு பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். மாதிரி நர்ஸ் படிப்பு, டி.எம்.எல்.டி. என்ற லேப் படிப்பு, இல்லையென்றால் விலங்கியல், தாவரவியல் மாதிரி ஏதாவது ஒரு உயிரியல் பட்டம் இருந்தால் போதும், தேர்வானவர்களுக்கு 50 நாள் பயிற்சி என்று போட்டிருப்பீர்கள். மீதி சம்பளம், வயது, எங்கே எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதுதான். விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்று எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் ஒரு பி.எஸ்சி. படிப்பு இருக்கிறது, மூன்று வருடம் வகுப்பு, ஒரு வருடம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. இந்த வேலைக்கென்றே உண்டான படிப்பு. அதைப் படித்தவர்களுக்குத் தனி இடமோ தனிச் சம்பளமோ உண்டு என்று ஒரு அறிவிப்பிலும் நான் பார்த்ததில்லை. என் மகள் அதைத்தான் படித்திருக்கிறாள், அதனால் தேடித் தேடித்தான் பார்க்கிறேன்.

அவள் இப்போது சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கேஷுவால்டியில், அதாவது அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். பெயர் வேண்டாம், இது அந்த ஒரு ஆஸ்பத்திரியின் கதை மட்டும் இல்லை. மூச்சுக்குழாயை எப்படித் திறந்து வைப்பது, ஈ.சி.ஜி. ஓட்டத்தைப் பார்த்து ஷாக் கொடுக்கலாமா கூடாதா என்று எப்படிச் சொல்வது, இதையெல்லாம் படித்துவிட்டு வந்தவள் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறாள், பில் கவுண்டருக்கு ஃபைல் கொண்டு போகிறாள். சரி, அது எங்கள் வீட்டுக் கவலை, அதற்காக ஒரு பத்திரிகைக்கு இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். நாங்கள் இருப்பது ஏற்காட்டில், நாகலூர் பக்கம். எழுத வைத்தது அதுதான்.

இங்கே அவசரம் எப்படி வரும் என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. மிளகு சீசனில் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து ஏறுகிறவர்கள் விழுவார்கள், முதுகு அடிபட்டவரை நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஜீப்பில் போடுவார்கள், அதிலேயே பாதி சேதம் ஆகிவிடும். காப்பித் தோட்டத்தில் கதண்டு என்ற பெரிய குளவியோ மலைத்தேனீயோ கூட்டமாகக் கொட்டும். கிளை வெட்டும் கவ்வாத்து வேலையில் அரிவாள் பட்டு ரத்தம் கொட்டும். நிறைமாதக் கர்ப்பிணிக்கு மலைக்கிராமத்திலிருந்து தார் ரோட்டுக்கு வருவதே தனிப் பயணம். மே மாதம் வந்தால் வெளியூர்ப் பையன்கள் பைக்கை நியூட்ரலில் போட்டுக்கொண்டு இறங்குவார்கள், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய் தடுப்புச் சுவரில் முடியும். 2024 ஏப்ரல் 30-ஆம் தேதி 13-ஆவது கொண்டை ஊசி வளைவில் தனியார் பஸ் கவிழ்ந்து ஒரு சிறுவன் உட்படப் பலர் செத்ததை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. ஏற்காட்டில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, இருப்பவர்கள் முடிந்ததைச் செய்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தலையில் அடி, நெஞ்சில் அடி, மாரடைப்பு என்றால் கடைசியில் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் இறக்க வேண்டும். 20 வளைவு இறங்கி, அடிவாரம் தாண்டி, அஸ்தம்பட்டி நெரிசலைக் கடந்து போய்ச் சேருவதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிடும். அந்த ஒரு மணி நேரமும் நோயாளிக்கு டாக்டர் என்றால் வண்டியின் பின்னால் உட்கார்ந்திருக்கும் அந்த மருத்துவ உதவியாளர்தான்.

அவர் கையில் என்ன இருக்கிறது? 108-இல் நடைமுறை இப்படி. உதவியாளர் நோயாளியைப் பார்த்துவிட்டு, கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் டாக்டரைப் போனில் பிடிப்பார், அவர் சொல்கிறபடி டிரிப்ஸ் ஏற்றுவதோ மருந்து கொடுப்பதோ நடக்கும். நல்ல ஏற்பாடுதான், ஓமலூர் ரோட்டில் நன்றாகவே வேலை செய்யும். ஏற்காடு மலைப்பாதையில் எத்தனை வளைவுகளில் டவர் கிடைக்கும் என்று அந்த ரோட்டில் போன் பேசிக்கொண்டு போன யாரையும் கேளுங்கள். கொட்டச்சேடு வழியாகக் குப்பனூர் இறங்கும் பாதையிலும் இதே நிலைமைதான். கதண்டு கொட்டி ஒவ்வாமையில் தொண்டை வீங்கி மூச்சு இழுக்கிறவருக்குத் தொடையில் போட வேண்டிய அட்ரினலின் ஊசி நிமிடக் கணக்கில் போக வேண்டிய மருந்து. மருந்து பக்கத்துப் பெட்டியிலேயே இருந்தாலும், கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்றால், கேட்க லைன் கிடைக்கவில்லை என்றால், அந்தப் பையன் என்ன செய்வான்? போட்டால் விதியை மீறியவன், போடாவிட்டால் வீட்டார் சட்டையைப் பிடிப்பார்கள்.

இந்தச் சிக்கலை அமெரிக்காவில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று மகளின் புத்தகங்களைப் புரட்டியபோது பார்த்தேன். அங்கே ஆம்புலன்ஸ் ஆட்களுக்கு நாலு நிலை இருக்கிறது. முதலில் போய்ச் சேர்கிற உதவியாளர், அதற்கு மேல் சாதாரண ஈ.எம்.டி. என்கிற அவசர மருத்துவத் தொழில்நுட்பர், அப்புறம் அட்வான்ஸ்டு ஈ.எம்.டி., உச்சியில் பாராமெடிக். இந்த மூன்றாவது நிலையைத்தான் நான் சொல்ல வருகிறேன். பாராமெடிக் ஆக ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் படிக்க வேண்டும், எல்லா ஊரிலும் அவர்களை வைக்கக் கட்டுப்படியாகாது, முக்கியமாகக் கிராமங்களில். அதனால் சாதாரண ஈ.எம்.டி.க்கு மேலே கொஞ்சம் கூடுதலாகக் கற்றுக்கொடுத்து ஒரு நடு ஆளை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். அவர் நரம்பில் ஊசி ஏற்றலாம், நரம்பு கிடைக்காவிட்டால் எலும்புக்குள் ஏற்றலாம், குரல்வளைக்கு மேலேயே நிற்கும் மூச்சுக் குழலை வைக்கலாம், சர்க்கரை இறங்கி மயங்கியவருக்கு குளுக்கோஸ் ஏற்றலாம், ஒவ்வாமைக்கு அட்ரினலின், ஆஸ்துமாவுக்கு நெபுலைசர் கொடுக்கலாம். அவருக்கு மேலே பொறுப்பு டாக்டர் ஒருவர் உண்டு. எந்த நிலைமையில் கேட்காமலே செய்யலாம், எதற்குக் கட்டாயம் கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நம் மலைக்கு வேண்டியது அந்தக் காகிதமும் அதை நம்பிக் கொடுக்கக்கூடிய ஆளும்தான்.

நம் 50 நாள் பயிற்சியை நான் மட்டம் தட்டவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே சாதாரண ஈ.எம்.டி. ஆக 150 மணி நேரம், 190 மணி நேரம் என்றுதான் இருக்கிறது, நாளுக்கு எட்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டால் நம் ஆட்கள் அதைவிட அதிகமாகவே உட்கார்ந்து படிக்கிறார்கள். அங்கே பயிற்சி கொடுப்பது ஒருவர், வேலை கொடுப்பது ஒருவர், பரீட்சை வைத்துச் சான்றிதழ் தருவது 1970-இல் தொடங்கிய ஒரு தேசியப் பதிவு அமைப்பு. யாருக்கும் வேலைக்கு ஆள் தேவைப்படுகிறது என்பதற்காக அது பாஸ் போடாது. அந்தச் சான்றிதழும் இரண்டு வருடத்துக்குத்தான். அட்வான்ஸ்டு நிலையில் இருப்பவர் அதற்குள் 50 மணி நேரம் மறுபடி படித்துக் காட்டினால் புதுப்பிப்பார்கள், இல்லாவிட்டால் மறுபடி பரீட்சை எழுத வேண்டும். நம் ஊரில் வண்டியை ஓட்டும் நிறுவனமே பயிற்சி கொடுத்து அதே நிறுவனமே வேலைக்கும் வைக்கிறது. பத்து வருடம் மலையில் ஓடி எத்தனையோ பிரசவம் பார்த்தவருக்கும் போன மாதம் சேர்ந்தவருக்கும் அதே பதவிப் பெயர், ஏறுவதற்கு மேலே படியே கிடையாது. பிறகு ஏன் நல்ல ஆட்கள் இரண்டு வருடத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டு போகிறார்கள் என்று கேட்டால்?

அமெரிக்காக்காரன் செய்வதையெல்லாம் அப்படியே எடுக்கவும் வேண்டாம். 2024 ஜூலையிலிருந்து அட்வான்ஸ்டு ஈ.எம்.டி. நிலைக்குத் தனியாக வைத்த செய்முறைத் தேர்வை எடுத்துவிட்டு கணினித் தேர்வுக்குள்ளேயே சூழ்நிலைக் கேள்விகளாகக் கொண்டுவந்துவிட்டார்கள், செய்முறையைப் பயிற்சி நிலையமே பார்த்துக்கொள்ளும் என்று. அங்கே அது நடக்கலாம். பிராக்டிகல் மார்க் எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்த நம் ஊரில், வெளியாள் ஒருவர் எதிரில் நின்று பார்க்க, பொம்மையின் கையில் ஊசி ஏற்றிக் காட்டினால்தான் சான்றிதழ் என்று இருக்கட்டும்.

சட்டம் இல்லை என்று அதிகாரிகள் தட்டிக்கழிக்க முடியாது. துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இலேயே வந்துவிட்டது, அதன் பட்டியலில் அவசர மருத்துவத் தொழில்நுட்பர், பாராமெடிக் எல்லாம் பெயரோடு இருக்கிறது. மாநிலத்துக்கு ஒரு கவுன்சில், பதிவேடு, பதிவு இல்லாமல் தொழில் செய்யக்கூடாது என்பதும் அதில் உண்டு. அமல்படுத்தாமல் இழுத்தார்கள் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு இரண்டு மாதக் கெடு வைத்தது. என்ன செய்தார்கள், எது வரை வந்திருக்கிறது என்று எங்களைப் போன்றவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

தனியார் ஆம்புலன்ஸ் பற்றி ஒரே ஒரு வார்த்தை. எங்கள் உறவினரை ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து கோவைக்கு மாற்றியபோது பின்னால் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு வந்தவர் யார் என்று சங்ககிரி தாண்டிய பிறகுதான் விசாரித்தோம், டிரைவரின் மச்சானாம். ஆம்புலன்ஸ் வண்டி எப்படி இருக்க வேண்டும், எந்த வகை வண்டியில் என்ன கருவி இருக்க வேண்டும் என்று ஏ.ஐ.எஸ். 125 என்று பெரிய விதிப்புத்தகமே இருக்கிறது. உள்ளே உட்காரும் மச்சானுக்கு ஒரு விதியும் தடையாக இருக்கவில்லை.

டாக்டர்கள் சிலர் இதைப் படித்தால் அரைகுறை வைத்தியர்களை உருவாக்கச் சொல்கிறாயா என்பார்கள். இப்போது அரைகுறை இல்லையா? எழுதிக் கொடுத்த அதிகாரம் இல்லாததால்தான் சிலர் பயந்து ஒன்றும் செய்யாமல் வருகிறார்கள், சிலர் துணிந்து எல்லாம் செய்துவிட்டு ஏட்டில் எழுதாமல் விடுகிறார்கள். எல்லை போட்டுக் கொடுத்தால் எல்லையைத் தாண்டியவனைக் கேட்கவாவது முடியும்.

அரசு பெரிதாக எதுவும் தொடங்க வேண்டாம். 108-இல் ஏற்கெனவே மூன்று, நாலு வருடம் வேலை பார்த்தவர்களைச் சம்பளத்தோடு அனுப்பி, சேலம் அரசு மருத்துவக் கல்லூரியின் அவசர சிகிச்சைப் பிரிவிலும் மயக்க மருந்து டாக்டர்களின் தியேட்டரிலும் சில மாதம் நிற்க வைத்தால் போதும், ஊசி ஏற்றவும் மூச்சுக் குழல் வைக்கவும் கை பழகிவிடும். பி.எஸ்சி. முடித்தவர்களை நேராகப் பரீட்சைக்கு விடலாம். முதல் அணியை ஏற்காட்டுக்குப் போடுங்கள், அடுத்து கல்வராயன் மலைக்கு, ஏலகிரிக்கு. மலைவாழ் மக்களில் ஏ.என்.எம். படித்த பெண்கள் இங்கேயே நிறைய இருக்கிறார்கள், அவர்களை எடுத்தால் டிரான்ஸ்ஃபர் கேட்டுக்கொண்டு கீழே ஓட மாட்டார்கள், எந்தத் தோட்டத்துக்கு எந்த வழி என்று யாரும் காட்டவும் வேண்டாம். சம்பளத்தைக் கூட்டாமல் சான்றிதழ் மட்டும் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிடுவார்கள், அதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

உங்கள் சேலம் நிருபரிடம் ஒரு வேண்டுகோள். மலைப்பாதையில் போன் கிடைக்காதபோது மருத்துவ உதவியாளர் தானாக எதைச் செய்யலாம் என்று எழுத்தில் உத்தரவு இருக்கிறதா, ஏற்காட்டு வண்டிகளில் இருப்பவர்கள் கடைசியாக எப்போது மறுபயிற்சிக்குப் போனார்கள், இந்த இரண்டையும் சுகாதாரத் துறை அதிகாரிகளிடம் கேட்டுப் போடுங்கள். பதில் வராவிட்டால் வரவில்லை என்றே போடுங்கள், கோடை விழாவுக்கு முன்னால் போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகலூர், ஏற்காடு.