ஆறுன்னு சொன்ன வலி

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல, உண்மைங்கறது சொல்லுக்கு எட்டாது, மொழியும் கருத்தும் குறுக்க நிக்குது, அதனால மௌனம்தான் வழின்னு ஒரு கட்டுரை வந்துச்சு. கண்டவர் விண்டிலர்னு பழமொழி வேற போட்டிருந்தாங்க. பாதி சரிதான், மீதி பாதிய என்னால ஒத்துக்க முடியல.

எனக்கு ரெண்டு வருஷமா முழங்கால் வலி. டாக்டர்கிட்ட போனா ஜீரோல இருந்து பத்துக்குள்ள எவ்வளவு வலிக்குதுன்னு கேக்கறாரு, நானும் ஆறுன்னு சொல்லிட்டு வந்துடறேன், ஏன் ஆறு, ஏன் ஏழு இல்லன்னு சத்தியமா தெரியாது. ராத்திரி படுத்தா உள்ள போட்டு குடையும், படி ஏறினா சுருக்குங்கும், ரெண்டும் வேற வேற சமாசாரம், ஆனா ஆறுன்னு சொன்னதும் ரெண்டும் ஒண்ணாயிடுது. டாக்டருங்களுக்கும் இது தெரியாம இல்ல, 1975லயே ரொனால்ட் மெல்சாக்னு ஒரு சைக்காலஜிஸ்ட், வலியைச் சொல்ற 78 வார்த்தைகளை 20 குரூப்பா பிரிச்சு ஒரு கேள்வித்தாளே போட்டாரு. நம்மகிட்டயும் குத்தல், குடைச்சல், எரிச்சல், உளைச்சல், கடுப்புன்னு கொட்டிக் கெடக்கு.

அப்ப வார்த்தை கூடினா உண்மை கிட்ட வந்துடுமா? அங்கதான் சிக்கலே. குடைச்சல்னு ஒரு தடவ சொன்னதுல இருந்து எனக்கு அது குடைச்சலா மட்டும்தான் தெரியுது. முன்னாடி கூடவே ஒரு சில்லிப்பு மாதிரி, ஒரு கனம் மாதிரி என்னமோ இருந்துச்சு, இப்ப தேடினாலும் அகப்படல.

பெரிய விஞ்ஞானிங்களுக்கும் இதே கதைதான். 1774ல ஜோசப் பிரீஸ்ட்லி, பாதரசத்தைச் சுட்டா வர்ற செவப்புப் பொடிய லென்ஸ் வெச்சு வெயில்ல சூடு பண்ணி ஒரு வாயுவ எடுத்தாரு, அதுல மெழுகுவர்த்தி பளிச்னு எரிஞ்சுது. நம்ம ஆக்சிஜன்தான், கைலயே இருக்கு! ஆனா எரியற பொருள்ல இருந்து பிளாஜிஸ்டான்னு ஒண்ணு வெளிய போகுதுங்கற அந்தக் காலத்து நம்பிக்கை மண்டைக்குள்ள உக்காந்திருந்ததால, இது பிளாஜிஸ்டான் இல்லாத காத்துன்னு பேர் வெச்சுட்டாரு, கடைசி வரைக்கும் அதை விடவும் இல்ல. பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியர்தான் அந்தக் கருத்தையே தூக்கிப் போட்டுட்டு ஆக்சிஜன்னு பேர் வெச்சாரு. அதுலயும் ஒரு கூத்து, கிரேக்கத்துல அதுக்கு அமிலத்தை உண்டாக்கறதுன்னு அர்த்தம், எல்லா அமிலத்துலயும் இது இருக்கும்னு அவர் நம்பினாரு. 1810ல ஹம்ப்ரி டேவிங்கற இங்கிலாந்து விஞ்ஞானி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல ஆக்சிஜனே கிடையாதுன்னு எடுத்துச் சொல்லிட்டாரு. பேர் மட்டும் அப்படியே நின்னுடுச்சு, இன்னிக்கும் அந்தத் தப்பான பேரைத்தான் மூச்சா இழுத்து விட்டுக்கிட்டிருக்கோம்.

ஆனா ஒண்ணு, லவாய்சியர் வாயை மூடிட்டு இருந்திருந்தா டேவி எதைப் போய் சோதிச்சிருப்பாரு? இதுதான் அமிலத்தை உண்டாக்குதுன்னு அடிச்சுச் சொன்னதாலதானே அது இல்லன்னு பிடிக்க முடிஞ்சுது. சொல்லாத விஷயத்துல தப்பே கண்டுபிடிக்க முடியாது, மௌனத்துல எனக்கு இருக்கற சந்தேகம் அதுதான். வார்த்தை மறைக்குதுன்னா அதைக் கொஞ்சம் நகத்தி வெச்சுப் பாக்கலாம், தூக்கியே போட்டுட்டா எதை நகத்தறது?

அடுத்த தடவ டாக்டர் கேட்டா ஆறுன்னு சொல்றதா இல்ல. குடையுது, ஆனா குடைச்சல் மட்டும் இல்ல, கூட வேற என்னமோ இருக்குன்னு சொல்லப் போறேன், கம்ப்யூட்டர்ல அவர் டைப் பண்ற அந்தக் குட்டிக் கட்டத்துல அது அடங்குமான்னு பாக்கணும்.

இப்படிக்கு,
முழங்கால் வலியோட ஒரு வாசகர்