தனியாகப் பாலைவனம் போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கிய கையோடு சிம்ப்சன் பாலைவனத்துக்குத் தனியாகவே கிளம்பிவிடுகிறார்கள். எனக்கும் அந்தப் பாதைகள்மேல் தீராத ஆசை உண்டு, அங்கே விடிகிற காலையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஆனால் பாலைவனத்தின் ஓரத்திலுள்ள பேர்ட்ஸ்வில் என்ற சிற்றூர் பக்கம் ‘பிக் ரெட்’ மணல்மேட்டில் டயர் காற்றைக் குறைக்காமல் ஏறப்போய், வண்டி அச்சு வரை புதைந்து, நாலு மணி நேரம் மண்வெட்டியால் தோண்டியவன் நான். காற்றை 35 பிஎஸ்ஐ-யிலிருந்து 18-க்கு இறக்கிய பிறகுதான் சக்கரம் மணலைப் பிடித்தது.

உள்ளே 1,100-க்கும் மேற்பட்ட மணல்மேடுகள், செல்போன் சிக்னல் கிடையாது. சாட்டிலைட் போன், கூடுதல் தண்ணீர், என்றைக்குத் திரும்புவோம் என்று ஒருவரிடம் சொல்லி வைப்பது, இதெல்லாம் இல்லாமல் தயவுசெய்து போகாதீர்கள். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வெயிலுக்காக அங்குள்ள தேசியப் பூங்காவையே மூடிவிடுகிறார்கள்.

அப்புறம், வண்டி நின்றுபோனால் அதைவிட்டு நடக்கவே கூடாது. 1963 டிசம்பரில் பேர்ட்ஸ்வில் பாதையில் பெட்ரோல் தீர்ந்து, காரை விட்டுப் போன ஒரு குடும்பத்தில் ஐந்து பேருமே இறந்துபோனார்கள். தேடி வரும் விமானத்துக்கு மனிதனைவிட வண்டிதான் முதலில் கண்ணில் படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அடிலெய்டு