சூட்கேஸில் வேண்டாம், பொதியாக அனுப்புகிறோம்

கனடா, லண்டன், பாரிஸ் என்று பரந்திருக்கும் எங்கள் உறவுகளுக்கு, முல்லைத்தீவு புதுக்குடியிருப்பிலிருந்து வணக்கம்.

நாங்கள் ஐந்து பெண்கள். பனையோலையில் புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி, கடகம், சுளகு, கொட்டைப்பெட்டி இழைத்து, போனில் படம் பிடித்து இன்ஸ்ராகிராமிலும் வட்ஸ்அப்பிலும் போட்டு விற்கிறோம். வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நீங்கள்தான். அதற்கு நன்றி சொல்லவும், கூடவே கொஞ்சம் சண்டை பிடிக்கவும்தான் இந்த மடல்.

"மாமி ஊருக்கு வாறா, அவவிட்டைக் குடுத்து விடுங்கோ. காசை மச்சான் கொண்டுவந்து தருவான்." உங்கள் ஓடர் இப்படித்தான் வருகிறது. வற்றாப்பளைப் பொங்கலுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் வந்து திரும்பும் சூட்கேஸ்களில் எங்கள் பெட்டிகளும் ஏறிப் போகின்றன. தபால் செலவு மிச்சம், சரி. ஆனால் அந்த விற்பனைக்கு எங்கேயும் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை.

போன வருடம் ஓலை காயவைக்க ஒரு கொட்டில் போடலாம் என்று வங்கியில் கடன் கேட்டேன். பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பதிவைக் காட்டினேன். கணக்கைப் பார்த்த அதிகாரி, "வெளிநாட்டுக்கு விக்கிறம் எண்டுறீங்கள், வெளிநாட்டுக் காசு ஒண்டையும் காணேல்லையே" என்றார். அவர் கேட்டதில் பிழையில்லை. வங்கிக்கு வெளியே, உண்டியல்காரர் கைமாற்றித் தந்த காசுக்கு நான் எந்தச் சாட்சியைக் காட்டுவது?

அதைவிட நோகிற கதை ஒன்று இருக்கிறது. ஒரு மாரியில் சரியாகக் காயாத ஓலையில் இழைத்துப் பாரிசுக்குக் கொடுத்துவிட்டோம். பெட்டி முழுக்கப் பூஞ்சணம். வாங்கிய அக்கா எங்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை. "பாவம், கஷ்டப்பட்ட பிள்ளைகள்" என்று குப்பையில் போட்டுவிட்டாராம். மூன்று மாதம் கழித்து வேறொருவர் வாயால்தான் தெரிந்தது. அதற்குள் அதே ஓலையில் இழைத்தவை இன்னும் நாலு வீடுகளுக்குப் போய்விட்டன. அக்கா, அன்றைக்கே ஏசியிருந்தால் அந்த நாலு வீட்டுக்காரரும் தப்பியிருப்பார்கள். உங்கள் இரக்கம் எங்களுக்குப் பெரிய நட்டமாய்ப் போச்சு.

பூஞ்சணம் பிடித்தால் படத்தோடு எழுதுங்கள். நன்றாக இருந்தால் அதையும் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுங்கள். எங்களைத் தெரியாத ஒரு ஜேர்மன்காரி நம்பி வாங்குவதற்கு அதைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

சூட்கேஸை விட்டுத் தபாலில் பொதியாக அனுப்பத் தொடங்கியபின்தான் வெளியுலகச் சட்டதிட்டங்கள் தெரிய வந்தன. 800 டொலர் வரையான பொதிகளுக்கு இருந்த தீர்வை விலக்கை அமெரிக்கா 2025 ஓகஸ்ட் 29 அன்று நிறுத்தியது. பிரித்தானியாவுக்கு 135 பவுணுக்கு மேற்படாத பொதி என்றால், 2021 முதல் விற்கிறவரே வற் (VAT) வரியை அறவிட்டுக் கட்ட வேண்டும். "சுங்கச் சீட்டில் அன்பளிப்பு எண்டு எழுதி விடுங்கோ" என்று பலர் கேட்கிறீர்கள். 39 பவுண் வரையான அந்தச் சலுகை, ஒருவர் இன்னொருவருக்குக் காசு வாங்காமல் அனுப்புவதற்கு. விற்ற பொருளுக்கு அப்படி எழுத மாட்டோம், கோபிக்காதீர்கள்.

ஐரோப்பாவில்தான் உங்கள் கை உண்மையில் தேவைப்படுகிறது. 2024 டிசெம்பர் 13 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விற்கும் இப்படியான பாவனைப் பொருட்களுக்குப் பொறுப்பாளர் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். அவருடைய பெயரும் முகவரியும் பொருளிலோ பொதியிலோ இருக்க வேண்டும். இங்கே முல்லைத்தீவில் இருந்துகொண்டு அதற்கு நான் எங்கே போவேன்? பாரிஸ் லா சப்பலில் கடை வைத்திருக்கும் ஒருவர் இறக்குமதியாளராக நின்று, நூறு பெட்டியை ஒன்றாக இறக்கி, தன் லாபத்தையும் வைத்து விற்கலாம். லாபம் வையுங்கள், வெட்கப்பட வேண்டாம். அள்ளிக் கொடுத்துவிட்டுப் போகிறவரைவிட, அடுத்த மாதமும் ஓடர் தருகிற கடைக்காரர்தான் எங்களுக்கு வேண்டும்.

காசை வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்புங்கள். கட்டணம் கொஞ்சம் கூடத்தான், அதை விலையில் சேர்த்தே சொல்கிறோம். ஆயிரத்தைந்நூறு ரூபாய்க் கடகத்துக்குப் பத்தாயிரத்தை நீட்டி "வச்சிருங்கோ பிள்ளை" என்று சொல்லாதீர்கள்.

தைப்பொங்கலுக்கு நீத்துப்பெட்டி வேண்டியவர்கள் புரட்டாதிக்குள் சொல்லுங்கள். ஐப்பசி பிறந்தால் மழை, ஓலை காயாது. கொட்டில் இன்னும் போடவில்லை.