மரவள்ளித் தோலை உலர்த்தித் தீவனமாக்க உலர்களமும் ஆய்வு உதவியும் கோரும் மனு

அனுப்புநர்
ஆடு, மாடு வளர்க்கும் மகளிர் சுய உதவிக் குழுவினர்,
ஆத்தூர் வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சேலம் மாவட்டம், சேலம்.

பொருள்: சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் வீணாகும் மரவள்ளித் தோலைக் கால்நடைத் தீவனமாக்க உதவி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பகுதியில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) அரவை தொடங்கிவிட்டால் ஆலைகளின் பின்புறம் தோல் அம்பாரமாகக் குவிகிறது. இரண்டே நாளில் புளித்து நாறுகிறது. மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையான திப்பியைக் காசு கொடுத்து வாங்கி மாட்டுக்கு வைக்கும் நாங்கள், சும்மா கிடக்கும் தோலை வைப்பதில்லை. காரணம் பயம்.

அந்தப் பயம் வீண் பயம் அல்ல. சென்ற மார்கழியில் எங்களில் ஒருவருடைய இரண்டு வெள்ளாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்ப் பச்சைத் தோலைத் தின்றுவிட்டன. சிறிது நேரத்தில் மூச்சு வாங்கியது, வாயில் நுரை தள்ளியது, கால்கள் இழுத்துக்கொண்டன. மருத்துவர் வந்து சேர்வதற்குள் இரண்டும் செத்துவிட்டன. அதில் ஒன்று நிறைசினை.

கிழங்கின் சதையைவிடத் தோலில்தான் லினமாரின் என்னும் பொருள் அதிகம். தோல் நசுங்கும்போது அதிலிருந்து சயனைடு நஞ்சு பிரிகிறது. துருவி, சாற்றைப் பிழிந்து, நன்றாகக் காயவைத்தால் அந்த நஞ்சின் பெரும்பகுதி போய்விடுகிறது. மிஞ்சுவது மாவுச்சத்து நிறைந்த தீவனம். மக்காச்சோளத்தில் ஒரு பகுதிக்கு மாற்றாக அதை ஆடு மாடுகளுக்குக் கொடுக்கலாம். புரதம் மட்டும் குறைவு, ஏறத்தாழ 5 சதவீதம்தான். கடலைப் புண்ணாக்கும் தாது உப்பும் சேர்த்தால் அந்தக் குறை தீரும்.

காயவைப்பதில்தான் எங்களுக்குச் சிக்கல். மண் தரையில் பரப்பினால் கல்லும் மண்ணும் ஒட்டிக்கொள்கின்றன. பனிக்காலத்தில் மேலே காய்ந்ததுபோல் தெரியும்; கையை உள்ளே விட்டால் ஈரம் பிசுபிசுக்கும். மூன்றாம் நாள் பூஞ்சை பூத்துவிடும். ஒடித்தால் படக்கென்று ஒடியும் அளவுக்குத் தோல் காய வேண்டும் என்பது எங்கள் கணிப்பு. நைஜீரியாவின் இபாடான் நகரில் ஆராய்ச்சியாளர்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். தோலைத் துருவி, அழுத்திப் பிழிந்து, சலித்து, பிறகு காயவைக்கிறார்கள். ஏறத்தாழ 3 டன் பச்சைத் தோலில் 1 டன் தீவனம் கிடைக்கிறது. அங்கே முடிந்தது, கிழங்கையே நம்பி வாழும் நம் மாவட்டத்திலும் முடியும்.

ஆகவே, ஊராட்சிப் புறம்போக்கில் ஒரு சிமென்ட் உலர்களமும், துருவும் இயந்திரம் ஒன்றும், பிழியும் இயந்திரம் ஒன்றும் அமைத்துத் தருமாறு வேண்டுகிறோம். ஆட்களும் உழைப்பும் எங்களுடையவை. எல்லாவற்றுக்கும் முன்னதாக, காய்ந்த தோலில் எவ்வளவு சயனைடு மிஞ்சுகிறது, ஓர் ஆட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வழியாக ஆய்ந்து, எழுத்தில் தர ஆவன செய்ய வேண்டும். அந்தத் தாள் கைக்கு வராமல் ஒரு பிடித் தோலையும் எங்கள் ஆடுகளுக்கு வைக்க மாட்டோம். ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தாரும் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி அளித்தால் பேருதவியாக இருக்கும்.

அடுத்த அரவைக் காலம் தொடங்கும் முன் அலுவலர் ஒருவரை அனுப்பி இடத்தைப் பார்வையிடச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குழு உறுப்பினர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)