கூரையில் சோலார் பூட்டினால் நுரைச்சோலை நிற்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கூரையில் 5 கிலோவோட் சோலார் பூட்டினால் அந்த அளவுக்கு நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி மிச்சம் என்பது கொழும்பில் பலர் நம்பும் கணக்கு. பகலில் அது பாதி உண்மை. இரவில் பிழை.

நுரைச்சோலையில் மூன்று இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 300 மெகாவோட். அங்கு ஓர் அலகு (ஒரு கிலோவோட் மணி) மின்சாரத்துக்கு ஏறத்தாழ 400 கிராம் நிலக்கரி எரிகிறது. கிட்டத்தட்ட ஒரு கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. சாம்பலும் தூசும் சுற்றியுள்ள மரக்கறித் தோட்டங்களுக்கு.

வெயில் ஏறியதும் இவற்றை வீட்டு விளக்குப்போல அணைத்துவிட முடியாது. பாதிச் சுமைக்குக் கீழே இறக்கினால் கொதிகலனில் தீ தளம்பும். எண்ணெய் தெளித்துத் தாங்க வேண்டிவரும். முழுதாக ஆறவிட்டால், சுழலியை மெல்ல மெல்லச் சூடாக்கித்தான் மறுபடி ஓட்டலாம். அவசரப்பட்டால் தண்டு வளையும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு இருண்ட பிறகு, அடுத்தடுத்த நாட்களிலும் ஒன்றரை மணிநேர மின்வெட்டு வந்தது நுரைச்சோலை உடனே எழும்ப முடியாததால்தான். பாணந்துறை மின் உபநிலையத்தில் பாய்ந்த குரங்குதான் காரணம் என்று பேசிச் சிரித்தோம். ஆனால் அது ஞாயிறு முற்பகல்: தேவை குறைவு, சோலார் அதிகம், சுழன்றுகொண்டிருந்த கனமான இயந்திரங்கள் குறைவு. மின்சாரத்தின் மீடிறன் (frequency) சரியும்போது, சுழன்றுகொண்டே அதைத் தாங்கிப் பிடிக்கும் திணிவு சோலாரில் இல்லை. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டதும் இந்தப் பயத்தில்தான்.

உச்சத் தேவை மாலை 6.30 முதல் 10.30 வரை. அப்போது வெயில் இல்லை. 5 கிலோவோட் கூரை நாளுக்குச் சராசரி 18 முதல் 20 அலகு தரும். 10 கிலோவோட் மணி லிதியம் இரும்புப் பொஸ்பேற்று பற்றரி இருந்தால் அதில் எட்டு ஒன்பது அலகை மாலைக்கு ஒதுக்கலாம். நான்கு மணிநேரமும் இரண்டு கிலோவோட் அளவில் ஒரு வீடு ஓடும். இப்படிப் பல வீடுகள் சேர்ந்தால் முதலில் குறைவது களனிதிஸ்ஸ மின் நிலையத்தில் எரியும் எண்ணெய். நிலக்கரி அதற்குப் பிறகுதான். நள்ளிரவு முதல் விடியும்வரை அதன் இடத்தைப் பிடிக்கக்கூடியவை மன்னார்க் காற்றும் நீர்த்தேக்கங்களும். பகல் சோலாரால் மிஞ்சும் நீரை இரவில் திறப்பதே மிக மலிவான பற்றரி. ஆனால் மகாவலி நீரை வயலுக்கும் விட வேண்டியிருப்பதால் நேரம் எப்போதும் நம் கையில் இல்லை. மன்னாரிலோ வலசைப் பறவைகளின் பாதையில் காற்றாலைகள் நிற்கின்றன. அந்த விலையையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியவை சில. சோலார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சாதாரண இன்வேர்ட்டரில் பற்றரியை நேரே கொழுவ முடியாது; பற்றரியையும் சேர்த்துக் கையாளும் ஹைபிரிட் வகை வேண்டும், அல்லது பற்றரிக்குத் தனி இன்வேர்ட்டர். மின்சாரம் போனால் சாதாரண இன்வேர்ட்டரும் நின்றுவிடும், லைனில் வேலை செய்பவரின் உயிருக்காக. ஒரே ட்ரான்ஸ்ஃபோமரில் கூரைகள் கூடினால் நண்பகலில் வோல்ற்றேஜ் ஏறி, லைனின் கடைசியில் இருக்கும் வீட்டு இன்வேர்ட்டர்தான் முதலில் தானாக நின்றுவிடும். பற்றரியை வெயில் படும் சுவரிலோ படுக்கையறையிலோ வைக்காதீர்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்காற்றுக்குச் சாதாரண இரும்பு போல்ட் உதவாது. துருப்பிடிக்காத உருக்கு வேண்டும்.

2016இல் தொடங்கிய கூரைச் சோலார்த் திட்டத்தின் முதல் இன்வேர்ட்டர்கள் இப்போது மாற்றும் வயதுக்கு வருகின்றன. மாற்றும்போது ஹைபிரிட் வகையையே கேளுங்கள். பற்றரியைப் பிறகு வாங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் பொறியியலாளர்,
கொழும்பு 06