காங்கர்லுசுவாக்கில் எங்களுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

2021 ஆகஸ்ட் 28, 29 ஆகிய நாள்களில் கிரீன்லாந்தின் காங்கர்லுசுவாக்கில் நடந்த எக்ஸ்ட்ரீம் ஈ மின்கார்ப் பந்தயத் தொடரின் போட்டியில் பங்கேற்ற ஒன்பது அணிகளுள் ஒன்றில் மெக்கானிக்காகப் பணியாற்றிய நான், அங்கே எங்களுக்கு உதவிய ஒவ்வொருவருக்கும் எல்லோரும் அறிய நன்றி சொல்ல வேண்டும் என்று இம்மடலை எழுதுகிறேன். அவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. அவர்களிடம் அவர்கள் மொழியிலேயே 'குயனாக்' என்று கைகூப்பிச் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன். அந்த ஒரு சொல்லில் அடங்காமல் மனத்தில் தங்கியதை என் தாய்மொழியில்தான் என்னால் முழுமையாக எழுத முடியும்.

இத்தொடரில் ஓர் அணிக்கு ஏழு பேருக்குத்தான் அனுமதி இருந்தது. ஆண் ஒருவரும் பெண் ஒருவருமாக இரண்டு ஓட்டுநர்கள், ஒரு பொறியாளர், நான்கு மெக்கானிக்குகள் என்பது கணக்கு. பார்வையாளர்கள் எவரும் களத்துக்கு வரவில்லை. 1,650 கிலோ எடையும் 400 கிலோவாட் திறனும் கொண்ட ஒடிசி 21 காரை, சுமார் ஐந்நூறு பேர் மட்டுமே வாழும் ஊருக்குக் கொண்டுபோய், மறந்துவிட்ட ஒரு போல்ட்டைக்கூட வாங்கக் கடை இல்லாத இடத்தில் இரண்டு நாள்கள் ஓட வைக்க வேண்டியிருந்தது. நான்கு மெக்கானிக்குகளின் எட்டுக் கைகள் அதற்குப் போதவே போதாது என்பதைப் போன முதல் நாளே உணர்ந்துகொண்டோம்.

முதல் நன்றி செயின்ட் ஹெலினா கப்பலின் மாலுமிகளுக்கு. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் கட்டப்பட்டு, தென் அட்லாண்டிக்கில் தன் பெயர் கொண்ட தீவுக்கு 1990 முதல் 2018 வரை தபாலும் உணவும் மனிதர்களும் சுமந்து சென்ற அந்தக் கப்பல்தான் 2021இல் எங்கள் கார்களையும் கூடாரங்களையும் உதிரிபாகங்களையும் சுமந்தது. அதன் நீச்சல் குளம் இருந்த இடத்தில் ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டிருந்தது. சவூதி அரேபியாவின் அல்உலாவிலும் செனகலின் லாக் ரோஸ் ஏரிக்கரையிலும் நடந்த முந்தைய பந்தயங்களுக்கு எங்கள் பொருள்களைச் சுமந்து வந்த அதே கப்பல், ஏறத்தாழ 190 கிலோமீட்டர் நீளமுள்ள குறுகிய கடற்கழியின் வழியே உள்ளே வந்து எங்களுக்காகக் காத்திருந்தது. பெட்டிகளைத் திறந்தபோது, நாங்கள் செனகலில் அடுக்கி வைத்த வரிசை கலையாமல் ஒவ்வொரு கருவியும் அதனதன் இடத்தில் இருந்தது. கடலில் கழிந்த அத்தனை நாள்களிலும் அந்தப் பெட்டிகளை யாரோ தினமும் சரிபார்த்து இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஊர் மக்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. காங்கர்லுசுவாக் என்றால் பெரிய கடற்கழி என்று பொருள். 1941இல் அமெரிக்க விமானத்தளமாகத் தொடங்கிய அந்த ஊரிலிருந்து பனிப்படலத்தின் விளிம்புக்குப் போகும் மண்சாலை, சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் வோக்ஸ்வாகன் நிறுவனம் பனியின் மீது கார்களைச் சோதித்துப் பார்ப்பதற்காகப் போட்டது. கார்களுக்காகப் பிறந்த அந்தச் சாலையில் எங்களைத் தன் பழைய வண்டியில் ஏற்றிச் சென்ற உள்ளூர்ப் பெரியவர், வழியில் கத்தூரி எருதுகள் மேய்வதைக் கண்டு வண்டியை நிறுத்தி, அவை தாமாக விலகும்வரை எஞ்சினை அணைத்துவிட்டு அமைதியாகக் காத்திருந்தார். ரஸ்ஸல் பனியாற்றின் எதிரே இறங்கியபோது, தான் சிறுவனாக இருந்த காலத்தில் பனி எதுவரை இருந்தது என்று கையை நீட்டிக் காட்டினார். அந்த இடத்தில் இப்போது கூழாங்கற்கள்தான் கிடந்தன. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான், ஆகஸ்ட் 14 அன்று, கிரீன்லாந்துப் பனிப்படலத்தின் 3,216 மீட்டர் உயர உச்சியில், பதிவுகள் தொடங்கிய காலத்திலிருந்து முதன்முறையாக மழை பெய்திருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் பந்தயம் எதற்கு என்று அவர் கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வியாகவே இருந்திருக்கும். அவர் கேட்கவில்லை. பேட்டரியில் ஓடும் கார் எவ்வளவு தூரம் போகும், குளிரில் அது எப்படித் தாக்குப்பிடிக்கும் என்றுதான் பொறுமையாகக் கேட்டறிந்தார். பேட்டரியின் கொள்ளளவான 54 கிலோவாட்-மணி என்ற எண்ணைவிட, மூடி வைக்க வேண்டிய இணைப்புகளையும் குளிரவைக்க வேண்டிய குழாய்களையும் அவருக்குக் காட்டியதில்தான் எனக்கு நிறைவு கிடைத்தது.

எங்கள் தடம் பனியின் மீது போடப்படவில்லை. பனி உருகிப் பின்வாங்கிய பிறகு வெளிப்பட்ட மணலும் பாறையும் நிறைந்த படுகையில்தான் கார்கள் ஓடின. பனியாறு பல நூற்றாண்டுகளாகப் பாறையை அரைத்து வைத்திருக்கும் கல்மாவு அங்கே காற்றில் மிதக்கிறது. பாலைவன மணலைத் தடுத்த வடிகட்டிகளுக்கு அந்த மாவைத் தடுக்கத் தெரியவில்லை. மின் இணைப்பின் ஒவ்வொரு முனையையும் ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. முதல் நாள் மாலையில் எங்களிடம் இருந்த துணிகள் தீர்ந்தபோது, தங்குமிடத்தில் வேலை செய்த ஓர் அம்மையார் வெளுத்து மடித்த பழைய படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்து, எதுவும் கேட்காமல் எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். எங்கள் கார் மறுநாளும் ஓடியதில் அந்த அம்மையாருக்கு முழுப் பங்கு உண்டு.

அடுத்து, என் வாழ்நாளில் மறக்கக் கூடாத ஓர் உதவி. சனிக்கிழமைத் தகுதிச் சுற்றில், மேட்டிலிருந்து எகிறி இறங்கிய எங்கள் காரின் முன் இடது சக்கரம் புதைந்திருந்த பாறையில் மோதி, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் முறிந்துவிட்டது. எங்களிடம் இருந்த ஒரே மாற்று ஆர்மிலும் மயிரிழை போன்ற ஒரு விரிசல் இருந்தது. முந்தைய பந்தயத்துக்குப் பிறகு அதைச் சரியாகச் சோதிக்காமல் பெட்டியில் வைத்தது என் தவறு. அதை நான் பொறியாளரிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்ட பக்கத்துக் கூடாரத்து மெக்கானிக்குகள் இருவர், தங்கள் அணியின் கடைசி மாற்று ஆர்மைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எல்லா அணிகளும் ஸ்பார்க் நிறுவனம் கட்டிய ஒரே காரை ஓட்டுவதால் அது எங்கள் காருக்கு அப்படியே பொருந்தியது. மறுநாள் காலையில் எங்களோடு மோதவிருந்த அணி அது. அவர்களுடைய காரில் அதே பாகம் முறிந்திருந்தால் அவர்கள் பந்தயம் அத்தோடு முடிந்திருக்கும். அது தெரிந்தே கொடுத்தார்கள், கொடுத்ததோடு நில்லாமல் நள்ளிரவு கடந்தும் எங்களுடன் நின்று விளக்குப் பிடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வெற்றி ஆண்ட்ரெட்டி யுனைடெட் அணியின் கேட்டி மன்னிங்ஸுக்கும் டிம்மி ஹான்சனுக்கும் கிடைத்தது. அவர்களுக்கு மனமார்ந்த வாழ்த்துகள். எங்கள் காரும் இறுதிவரை முறியாமல் ஓடி முடித்தது. அன்று எங்களுக்கு அதுவே பெரிய பரிசு.

கிரீன்லாந்துக் குழந்தைகளுக்குப் பருவநிலை மாற்றத்தைக் கற்பிக்கும் பணியில் யுனிசெஃப் அமைப்புடன் இத்தொடர் கைகோத்திருந்தது. அந்தப் பணியில் இருப்பவர்களுக்கும், பந்தய நாள்களில் விடிவதற்கு முன்பே சூடான சூப்போடு களத்தில் நின்ற சமையற்காரர்களுக்கும், மருத்துவக் குழுவினருக்கும் என் நன்றி.

2021 அக்டோபர் 23 அன்று இத்தாலியின் சார்டினியா தீவில் அடுத்த பந்தயம் தொடங்குகிறது. கடன் வாங்கிய ஆர்முக்கு ஈடாகப் புதிய ஒன்றை வரவழைத்து, இம்முறை விரிசல் உண்டா என்று நானே இருமுறை சோதித்துத் தனிப்பெட்டியில் வைத்திருக்கிறேன். கூடாரம் போட்டு முடிந்ததும் முதல் வேலையாக அதைப் பக்கத்துக் கூடாரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

நன்றியுடன்,
அணியின் நான்கு மெக்கானிக்குகளில் ஒருவன்
செப்டம்பர் 2021